புகைபோக்கியும் ஓர் இயந்திரமே!



வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டால் அடுத்த நிமிடமே எல்லோருக்கும் தெரிந்துவிடும். மிக்ஸி ஓடவில்லை என்றால் மறுநாளே கடைக்குப் போய்விடும். ஆனால் அடுப்படியில் இருக்கும் புகைபோக்கி பழுதடைந்தால்? மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. 'இன்றைக்கு விறகு ஈரம்' என்பார்கள். 'காற்று எதிர்த்து வீசுகிறது' என்பார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டே சமையல் நடக்கும். சுழலும் உறுப்பு எதுவும் இல்லாததால் புகைபோக்கியை நாம் இயந்திரமாக எண்ணுவதில்லை. இந்த எண்ணம் தவறானது என்பது என் கருத்து.

'எரிவாயு வந்துவிட்ட காலத்தில் புகைபோக்கி எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். காரைக்குடி வட்டாரத்துக் கிராமங்களில் எரிவாயு அடுப்பு இருக்கும் வீட்டின் பின்கட்டிலும் ஒரு விறகடுப்பைக் காணலாம். வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், பலகாரம் சுடவும் அதுவே உதவுகிறது. சீமைக்கருவை விறகுக்கும் இங்கே பஞ்சமில்லை. கல்யாண வீடு என்றால் கோட்டை அடுப்பு எரியும். ஆகவே புகை நம்மை விட்டுப் போய்விடவில்லை. வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

புகை எப்படி மேலே போகிறது? சூடான காற்று விரிகிறது. அதன் அடர்த்தி குறைகிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.16 கிலோகிராம். 130 டிகிரியில் அது 0.88 கிலோகிராம்தான். குழாய்க்குள் இருக்கும் இலேசான காற்றை, வெளியே இருக்கும் கனமான காற்று கீழிருந்து மேலே தள்ளுகிறது. இதுவே புகைபோக்கியின் இழுப்பு.

இந்த இழுப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். அடர்த்தி வேறுபாடு, புவியீர்ப்பு முடுக்கம், குழாயின் உயரம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். உயரம் 4 மீட்டர் என்றால் விடை 11 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான உயரமுள்ள நீர் தரும் அழுத்தம் எவ்வளவோ, அவ்வளவுதான்! இத்தனை சிறிய விசையை நம்பித்தான் அடுப்படியின் புகை முழுவதும் வெளியேறுகிறது. எனவே சிறிய தடையும் அதற்குப் பெரிய தடை.

10 செ.மீ. விட்டமுள்ள குழாயின் உட்புறத்தில் சுற்றிலும் 1 செ.மீ. கரி படிந்துவிட்டது என்று கொள்வோம். விட்டம் 8 செ.மீ. ஆகிறது. புகை செல்லும் பரப்போ 100-லிருந்து 64 ஆகக் குறைந்துவிடுகிறது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழி அடைபட்டுவிட்டது. ஈர விறகை எரித்தால் நிலைமை இன்னும் மோசம். குழாயின் குளிர்ந்த பகுதியில் புகையிலுள்ள ஆவிகள் சுருங்கித் தார் போன்ற பிசினாகப் படிகின்றன. இந்தப் பிசின் தீப்பற்றக் கூடியது. ஒருநாள் அடுப்பு அதிகமாக எரியும்போது குழாய்க்குள்ளேயே நெருப்புப் பிடித்துக்கொள்ளலாம்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைக் கட்டியவர்கள் காற்றின் போக்கை நன்கு அறிந்திருந்தார்கள். முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் வாசல்கள். நடுவே வானம் பார்த்த முற்றம். சமையல் வேலை பின்கட்டில். அடுப்புப் புகை பின்கட்டு முற்றத்தின் வழியே மேலே போய்விடும். இன்று மழைக்கும் குரங்குக்கும் அஞ்சிச் சில வீடுகளில் முற்றத்தின் மேல் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். மழை நின்றது, புகையும் உள்ளேயே நின்றது! வீட்டின் ஒரு பகுதியை மாற்றும்போது அது எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று முதலில் கேட்க வேண்டாமா?

புகைபோக்கியைக் கட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் அத்திட்டம் முடிவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. பராமரிப்பில்லாமல் பல அடுப்புகள் கைவிடப்பட்டன. பின்னர், ஒடிசா கிராமங்களில் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளைப் பற்றி ரெமா ஹன்னா, எஸ்தர் டூஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் ஆராய்ந்தனர். நான்கு ஆண்டுகள் வரை அந்தக் குடும்பங்களைக் கவனித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். முதல் ஆண்டில் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன் பிறகு அந்தப் பயன் காணாமற் போயிற்று. அடுப்பைச் சரியாகப் பராமரிக்கவில்லை. நாளடைவில் பயன்படுத்துவதும் குறைந்தது. ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்த அடுப்பு, வீட்டில் கவனிப்பாரின்றித் தோற்றது.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் சோதனை. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, அடுப்பு எரியத் தொடங்கியபின் அடுப்பு வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். அதன் புகை உள்ளே இழுக்கப்பட்டால் இழுப்பு நன்றாக உள்ளது. அசையாமல் நின்றாலோ வெளியே திரும்பினாலோ எங்கோ தடை இருக்கிறது. அடுப்பு நன்றாக ஆறியிருக்கும் பகல் வேளையில், குழாய் நேராக இருந்தால், அடியில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து உள்ளே பாருங்கள். வானம் வட்டமாகத் தெரிய வேண்டும். பறவைக் கூடோ கரியோ இருந்தால் அதுவும் தெரியும். இவற்றை மாதம் ஒருமுறை செய்து ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள்.

அடுப்பைச் சுற்றிய ஒட்டடையை அடிப்பதும், காய்ந்த விறகையே எரிப்பதும், எட்டும் உயரத்தில் உள்ள கரியை மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு துடைப்பதும் வீட்டார் செய்யக்கூடியவை. மின் சிம்னி உள்ள வீடுகளில், மின் இணைப்பைத் துண்டித்த பிறகு எண்ணெய் படிந்த வலைச் சட்டத்தைக் கழற்றி, சோப்பு வெந்நீரில் கழுவலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோட்டாரும் மின்கம்பியும் பயிற்சி பெற்றவரின் வேலை.

வேறு எப்போது ஆளை அழைக்க வேண்டும்? துடைத்த பிறகும் புகை திரும்பி வந்தால். புகைபோக்கிச் சுவரில் வெடிப்போ, வெளிப்புறத்தில் பழுப்புக் கறையோ தோன்றினால். அருகிலுள்ள மரச் சட்டம் கருகியோ தொட முடியாத சூட்டிலோ இருந்தால். கூரை மேல் ஏறித்தான் பார்க்க வேண்டும் என்றால். செட்டிநாட்டுச் சுவர்களில் சுண்ணாம்புக் காரையே மிகுதி. அதன் வெடிப்பில் சிமெண்டைக் குழைத்து அப்புவது மருந்தாகாது. சிமெண்ட் விறைப்பானது, சுண்ணாம்பு ஈரத்தையும் அசைவையும் தாங்கிக்கொள்வது. எனவே சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரையே தேட வேண்டும்.

குழாய்க்குள் ஓங்கிய இரைச்சல் கேட்டு, மேலே தீப்பொறி பறந்தால் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது; சூடான சுவர் வெடித்துவிடும். எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள். அடுப்படியில் இருப்பவர்களுக்குத் தலைவலியும் மயக்கமும் வந்தால் அது கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். உடனே வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஆளை அழைப்பதில் நமக்கு ஒரு கடமையும் உண்டு. முன்பு இங்கிலாந்தில் குறுகிய புகைபோக்கிகளுக்குள் சிறுவர்களை ஏற்றிக் கரி சுரண்ட வைத்தார்கள். இத்தொழில் செய்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் வருவதை 1775-இல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் எடுத்துக் காட்டினார். ஆனாலும் அவ்வழக்கம் ஒழிய 1875-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூறு ஆண்டுகள்! நம் வீட்டுக்கு வேலைக்கு வருபவருக்கும் முகமூடி வேண்டும், கையுறை வேண்டும், உறுதியான ஏணி வேண்டும், நியாயமான கூலி வேண்டும். 'சின்னப் பையன்தானே, உள்ளே நுழைந்துவிடுவான்' என்ற பேச்சை உங்கள் வீட்டில் யாராவது எடுத்தால், கூடாது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

தெரிந்ததைச் செய்வது திறமை. தெரியாத இடத்தில் நின்று, தெரிந்தவரைக் கேட்பதும் அறிவியல் மனப்பான்மையே. இவ்வாரம் உங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து அதைத் தொடங்குங்கள். அங்கே தினமும் புகையைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் உங்கள் அம்மாவோ பாட்டியோதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.