மங்கி குல்லாவும் மார்கழி வெயிலும்

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு காலை மாமல்லபுரம் போய், வெண்ணெய் உருண்டைப் பாறைப் பக்கம் பத்து நிமிஷம் நின்றால் போதும். தமாஷான காட்சி ஒன்று கிடைக்கும். ஒரு பக்கம் ஐரோப்பாவில் எங்கிருந்தோ வந்த தம்பதியின் ஒன்றரை வயதுக் குழந்தை. கையில்லாத பனியன், காலில் செருப்புகூட இல்லை, பாறைச் சரிவில் தவழ்ந்து ஏறிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் நம்ம ஊர்க் குழந்தை. அதே வயசு, அதே வெயில். தலையில் மங்கி குல்லா, உடம்பில் ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்திருக்கும். இறக்கி விடச் சொல்லிக் காலை உதைக்கும். "வேணாண்டா கண்ணு, பனி" என்பார் பாட்டி. அப்போது மணி ஒன்பதரை. பனி விலகி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்!

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம்தான். பாட்டியோடு இருக்கும் குழந்தைக்கு எப்படியும் சாயங்காலம் தெரு கிடைத்துவிடும். விஷயம் வேறொரு குழந்தையைப் பற்றியது. அம்மா மறைமலை நகரிலோ மகேந்திரா வேர்ல்டு சிட்டியிலோ சிறுசேரியிலோ வேலைக்குப் போகிறாள். காலை எட்டு மணிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு, சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பக் கூட்டிப் போகிறாள். போர்டு கிடையாது, ரசீது கிடையாது. "பிள்ளைங்கள பாத்துக்கிறாங்க" என்று வாய்வழியாகத் தெரிந்துகொண்டு வருவதுதான். நாலைந்து குழந்தைகள், ஒரு ஹால், ஒரு டிவி. மார்கழி பிறந்தால் அந்த வீட்டின் முன்கதவு சாத்தப்படும். மாசி வரைக்கும் அப்படித்தான்.

அந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் குளிர் விவகாரத்தை முடித்துவிடுவோம். சென்னையின் நூற்றாண்டு கடந்த வானிலைப் பதிவுகளில் மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அது 1895 டிசம்பரில் பதிவானது. செங்கல்பட்டில் சாதாரணமாக ஜனவரி விடியற்காலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும், மதியம் 29ஐத் தொடும். வருஷத்தில் மீதி நாளெல்லாம் இந்த 20 டிகிரிக்காக ஏசிக்குக் கரண்ட் பில் கட்டுகிறோம். இயற்கை சும்மா கொடுத்தால் மட்டும் பயம். பின்லாந்திலும் டென்மார்க்கிலும் பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரில் கைக்குழந்தையைப் போர்த்தி, தள்ளுவண்டியில் வீட்டு வாசலில் தூங்க வைப்பது சர்வ சாதாரணம். அவர்களை மாதிரி நாமும் செய்ய வேண்டும் என்பதில்லை. நம்ம குளிர் அவ்வளவு பெரிய ஆளில்லை என்பதற்காகச் சொன்னது, அவ்வளவே.

"பனி தலையில இறங்கி சளி பிடிச்சிடும்" என்பது எல்லார் வீட்டிலும் இருக்கும் வாக்கியம். சளி பிடிக்க வைரஸ் வேண்டும். அது பனித்துளியில் இருந்து இறங்குவதில்லை, பக்கத்தில் தும்முகிற இன்னொரு குழந்தையிடம் இருந்து வருகிறது. ஜன்னல் சாத்திய ஹாலில் ஐந்து குழந்தைகள், அதில் ஒன்றுக்கு மூக்கு ஒழுகுகிறது, எல்லாரும் ஒரே பொம்மையை வாயில் வைக்கிறார்கள். இதைவிட நல்ல வாய்ப்பு வைரஸுக்குக் கிடைக்காது. சளிக்குப் பயந்து பூட்டிய கதவுதான் சளியை எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது.

பாட்டிகள் சொன்னது எல்லாமே தப்பு என்று சொல்ல வரவில்லை. வீசிங் இருக்கும் குழந்தைக்கு விடியற்காலைக் குளிர்காற்று ஆகாது என்றால் அது உண்மையாகவே ஆகாமல் போகலாம். அந்தக் குழந்தைக்கு டாக்டர் சொல்வதுதான் சட்டம். போகி அன்று காலை டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் புகையில் எந்தக் குழந்தையையும் வெளியே கொண்டு போகக் கூடாது. ஆனால் போகி வருஷத்துக்கு ஒரு நாள்.

இனி வெயில். இதுதான் பலர் கவனிக்காத சமாசாரம். வைட்டமின் டி காலை ஏழு மணி இளவெயிலில் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயிலில்தான் அது தோலில் நன்றாக உருவாகிறது. டிசம்பர் செங்கல்பட்டில் அது சுமார் பத்தரை மணிக்கு மேல். மே மாதம் பத்தரை மணிக்கு ஒரு குழந்தையை வெயிலில் விட முடியுமா? தார் ரோட்டில் செருப்பே உருகும். மார்கழியிலும் தையிலும் விடலாம். பத்தரை மணி வெயிலைக் குழந்தை கொஞ்ச நேரம் தாங்குகிற காலம், வருஷத்தில் இந்த இரண்டரை மாசம்தான். அந்த இரண்டரை மாசத்தைத்தான் குல்லா போட்டு உள்ளே உட்கார வைக்கிறோம்!

உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிஷம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்கு டிவி, செல்போன் சுத்தமாகக் கூடாது, இரண்டு வயதானால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது அது. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில், நாலைந்து குழந்தைகள், 180 நிமிஷம்... செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, அந்த அக்காவுக்கு இதெல்லாம் தெரியாதா? பாதி தெரியும். மீதியைச் சொன்னால் புரிந்துகொள்வார். பிறகு ஏன் கதவைத் திறப்பதில்லை?

இங்கேதான் காமர்ஸ் பசங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். குழந்தை வெளியே விளையாடினால் லாபம் யாருக்கு? குழந்தைக்கு. நல்லாச் சாப்பிடும், நல்லாத் தூங்கும், ராத்திரி அம்மாவுக்கும் நிம்மதி. நஷ்டம் வந்தால் யாருக்கு? முட்டியில் சிராய்ப்பு என்றால் அக்காவுக்குத் திட்டு. மறுநாள் தும்மல் என்றால், அந்தத் தும்மல் எங்கிருந்து வந்திருந்தாலும், "வெளில விட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு வாரம் குழந்தை வராவிட்டால் அந்த வாரத்துக் காசும் பிடிக்கப்படும். கோபம் அதிகமானால் குழந்தை வேறு வீட்டுக்கு மாறும். டிவி முன்னால் நாள் முழுக்க உட்கார வைத்ததற்காக எந்த அம்மாவும் சாயங்காலம் வந்து சண்டை போட்டதில்லை. வரவு எல்லாம் ஒருவர் பேரில், பற்று எல்லாம் இன்னொருவர் பேரில். இந்தக் கணக்கில் கதவைச் சாத்துவதுதான் புத்திசாலித்தனம். அந்த அக்கா சோம்பேறி இல்லை, நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்.

அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அங்கே முன்பருவக் கல்வி இரண்டு வயதுக்கு மேல்தான், அம்மாவின் ஷிப்ட் முடியும் வரை வைத்திருக்கவும் மாட்டார்கள். 2017ல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. காண்டிராக்டில் போகிற பெண் அதைக் கேட்டு வாங்குவது எளிதா என்ன? அதனால் இன்றைக்கும் அக்கா வீடுதான். நாளைக்கும் அதேதான்.

கதவைத் திறந்தால் நிஜமாகப் பயப்பட வேண்டியவை சில உண்டு. அவற்றுக்குப் பயப்படாமல் பனிக்குப் பயப்படுவதுதான் வருத்தம். முதலாவது தண்ணீர். மழை முடிந்த கையோடு கிணறு, குட்டை, வீடு கட்டத் தோண்டிய பள்ளம் எல்லாம் நிறைந்து கிடக்கும். மனைப் பிரிவுகளில் சம்ப் மூடி சரியாக உட்காராது. நடை பழகும் குழந்தைக்கு ஒரு பக்கெட் தண்ணீர் போதும். அந்த பக்கெட் வெளியே இல்லை, பாத்ரூமில் இருக்கிறது! இரண்டாவது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. காலையிலும் சூரியன் சாயும் நேரத்திலும் அதற்கு வேகம் அதிகம். ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டையும் பேண்ட்டும் போட்டால், அதற்கும் ஆச்சு, இதற்கும் ஆச்சு. வாசலில் கிடக்கும் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தால் இன்னும் நல்லது. மூன்றாவது தெரு நாய். நான்காவது, நாயும் பூனையும் அசிங்கம் பண்ணிய மண். கொக்கிப்புழு அந்த வழியாகத்தான் காலில் ஏறும், ஆகவே செருப்பு கட்டாயம்.

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களின் பயம் தனி. 2004 டிசம்பர் 26, மார்கழிக் காலையில்தான் கடல் வந்தது. கல்பாக்கம் நகரியத்துக்குள்ளேயே புகுந்தது. அதைப் பார்த்த ஒரு பாட்டியிடம் போய், "டிசம்பர்ல குழந்தைய கடற்கரைக்குக் கூட்டிப் போங்க" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வர வேண்டியதும் இல்லை. மார்கழிக் கடல் முரட்டுக் கடல், தண்ணீர் ஓரம் இந்த வயசுக்கு எந்த மாசமும் கூடாது. அலையைவிட்டு வெகு தூரம் மேலே, சவுக்குத் தோப்பு ஓரத்தில் ஒரு குவியல் மணல் போதும். ஒரு கொட்டாங்கச்சி, ஒரு தேய்ந்த கரண்டி. குழந்தைக்கு வேறென்ன வேண்டும்?

செங்கல்பட்டு ஊருக்குள் மணல் இல்லை, ஆனால் வாசல் இருக்கிறது. கொளவாய் ஏரிக்கரை அழகுதான், நாலு குழந்தையோடு தனியாகப் போகும் இடமில்லை. மொட்டை மாடியும் வேண்டாம், கைப்பிடிச் சுவரைவிட ஏறும் ஆசை உயரமானது. வாசல் கேட்டைப் பூட்டிவிட்டு அதற்குள்ளே விட்டால் போதும். மார்கழி என்பதால் வாசலில் பெரிய கோலம் இருக்கும், நடுவில் சாணியும் பூசணிப்பூவும். பூவைப் பிய்க்கட்டும், புள்ளியை அழிக்கட்டும். (கோலமாவு பெரும்பாலும் கல்மாவுதான், வாயில் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.) கார்பெட் வாங்கிப் போடுவதைவிட இதில் செலவு கம்மி.

மழை நாளில் உள்ளேதான். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்த மாதிரியான நாளில் யார் வெளியே போவார்கள்? மற்ற நாளில் ஒன்பதில் இருந்து பதினொன்று வரை தாராளம். ஓட ஆரம்பித்ததும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட வேண்டும், வியர்த்தால் உள்ளே வந்ததும் பனியனை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

அக்கா தனி ஆளாக ஐந்து பேரைச் சமாளிக்க முடியாது என்பதும் நிஜம்தான். சனிக்கிழமை லீவ் இருக்கும் ஒரு அப்பா ஒரு மணி நேரம் வந்து உட்காரலாம். பக்கத்து வீட்டுத் தாத்தா பேப்பர் படிக்கிற நாற்காலியை கேட் ஓரம் போட்டாலே இன்னொரு ஜோடிக் கண் ஆச்சு. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் பெற்றவர்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்குச் செலவே கிடையாது. காலையில் குழந்தையை விடும்போது, "அக்கா, வெளில விடுங்க. விழுந்தாலும் சளி பிடிச்சாலும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டோம்" என்று சொல்ல வேண்டும். சளி பிடித்த அன்றும் அந்தப் பேச்சில் நிற்க வேண்டும், அந்த வாரத்துக் காசையும் பிடிக்காமல் கொடுத்துவிட வேண்டும். பற்றில் பாதி அவர்கள் பேருக்கு மாறினால்தான் அக்கா கதவைத் திறப்பார்.

பங்குனி பாதியில் பத்து மணி வெயிலே முகத்தில் அறையும். அப்புறம் கதவைச் சாத்த யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.