கடல் மீது பழி!

கடல் உயருகிறதாம், ஆகவே கரையிலே வாழும் மீனவன் எழுந்து போகவேண்டுமாம்! அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது, தோழர்களே?

கடல் உயருவதை நாம் மறுக்கவில்லை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் ஏறிவிட்டதென்றும், 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகத்தில் ஏறியதென்றும் ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021-இல் கணக்குக் காட்டியது. மறுப்பது மடமை. ஆனால் அந்தக் கணக்கைக் கையிலேந்திக் கட்டடக்கலை மாணவர்கள் சென்னைக் கரையிலே கள ஆய்வுக்கு இறங்கும்போது, அவர்களிடம் நாம் சொல்லவேண்டியது ஒன்றுண்டு.

மாணவ நண்பர்களே, மெரினாவிலே தொடங்காதீர்கள்! அளவு நாடாவை அங்கே விரித்தால் படம் அழகாக வரும், உண்மை வராது. துறைமுகச் சுவருக்கு வடக்கே நடந்து வாருங்கள். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நெடுகிலும் கருங்கற் குவியலன்றோ காண்பீர்கள்! மணல் எங்கே போயிற்று? 20 சென்டிமீட்டரா அதை விழுங்கியது? முதற்குற்றவாளி வேறு. ஆண்டின் பெரும்பகுதி, கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைச் சுமந்து செல்கிறது. 1875-இல் தொடங்கி, 1881 புயலிலே சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்ட துறைமுகச் சுவர் அந்த மணலை வழிமறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கரை கரைந்தது. வெள்ளையன் போட்ட சுவருக்கு, விடுதலைக்குப் பின்னரும் விலை கொடுப்பவன் வடசென்னை மீனவன்! தடுப்புக்கென்று கல் கொட்டினால், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகருகிறது. மணலற்ற கரையில் படகை எங்கே ஏற்றுவான்? வலையை எங்கே உலர்த்துவான்? இதையறியப் பட்டம் வேண்டாம். காசிமேட்டு மூதாட்டி ஒருத்தியைக் கேட்டால் போதும்.

குளிரூட்டிய அறையிலே வரையப்படும் கடற்கரைப் படங்களில் நிழல் மரம் உண்டு, சாய்விருக்கை உண்டு, ஐஸ்கிரீம் வண்டிகூட உண்டு. மீன் கூடை மட்டும் இல்லை!

1985-இல், மெரினாவை அழகுபடுத்தப் போகிறோமென்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டனர். மீனவர் எதிர்த்தனர், துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் பலியாயின. 2023 ஏப்ரலில், நொச்சிக்குப்பத்துச் சாலையோர மீன் கடைகள் போக்குவரத்துக்கு இடையூறென்று பெயர்க்கப்பட்டன. அன்று அழகு, பின்னர் போக்குவரத்து, நாளை கடல் உயர்வு! காரணத்தின் பெயர் மாறுகிறது, பெயர்க்கப்படுபவன் மாறவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்கள் எங்கே வைக்கப்பட்டன? செம்மஞ்சேரியிலே! கடல் எட்டாத இடம்தான். ஆனால் பெருமழை பெய்தால் அங்கும் வெள்ளம்.

அத்தனை ஆபத்தும் குப்பத்துக்கு மட்டுந்தானா? 2019 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் கட்டடம் எழுப்பக்கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கிற்று. கடல் நிலத்தை நோக்கி வருகிறதென்பார்கள். கட்டடத்தைக் கடலை நோக்கி அனுப்புவார்கள்! என்னே இவர்கள் கணக்கு!

மாணவர்கள் வரட்டும், வரவேற்போம். படகு ஏறும் இடத்தையும், வலை உலரும் இடத்தையும், எந்தச் சுவர் எவ்வளவு மணலைப் பறித்தது என்பதையும் அவர்கள் படத்திலே குறிக்கட்டும். அப்படத்தை முதலில் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தின் முன் விரிக்கட்டும். அவர்கள் திருத்திய பிறகே கோட்டைக்கு எடுத்துச் செல்லட்டும். வடசென்னைத் தோழர்கள் அவர்களுடன் நடந்து, வீடு வீடாக அறிமுகம் செய்துவைக்க ஆயத்தமாக வேண்டும்.