தரையில் ஒரு பள்ளி

சென்ற மாதம் எங்கள் வகுப்பில், "ஆசிரியரின் இடத்தை இணையவழிக் கல்வி நிரப்புமா?" என்ற தலைப்பில் ஒரு சொற்போர் நடந்தது. "நிரப்பும்" என்ற அணியில் பேசிய தோழி, "அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஆவதற்கே இணையவழி வகுப்பு இருக்கிறது. நம் கணக்குப் பாடம் எம்மாத்திரம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு விமானி ஆக வேண்டும் என்று ஆசை. அவள் அப்பாவோ ஆட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர்.

மணி அடித்துவிட்டதால் வென்றது யார் என்பது முடிவாகவில்லை. ஆனால் அவள் சொன்னது மெய்தானா என்று நாங்கள் தேடிப் படித்தோம். படித்தபின் எங்கள் சிரிப்பு அடங்கியது.

விமானக் கல்வியில் இரு பகுதிகள் உண்டு. வானில் கற்பது ஒன்று. தரையில் கற்பது மற்றொன்று. இறக்கையைக் காற்று எவ்வாறு தாங்குகிறது, மேகத்தின் குறிப்பு என்ன, வரைபடத்தைப் பார்த்து வழி காண்பது எப்படி, சட்டம் எதற்கு இடம் தருகிறது என்பனவற்றைத் தரையிலேயே கற்றாக வேண்டும். இதனைக் 'கிரவுண்ட் ஸ்கூல்' என்பர். நாம் தரைப் பள்ளி என்று சொல்லலாம். அந்தத் தரைப் பள்ளிதான் இன்று கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் வந்திருக்கிறது.

அமெரிக்காவில் விமானப் பயிற்சி ஆசிரியராக விரும்புவோருக்குக் குறைந்தது 18 வயதும், வணிக விமானி உரிமமும் வேண்டும். அதோடு இரண்டு எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும். ஒன்று விமானத்தைப் பற்றியது. அதில் 100 வினாக்கள். மற்றொன்றில் 50 வினாக்கள். அது மாணவரைப் பற்றியது! 'கற்பித்தலின் அடிப்படைகள்' என்பது அதன் பெயர். மனிதன் எப்படிக் கற்கிறான், ஏன் பயப்படுகிறான், எப்போது சோர்ந்துபோகிறான் என்பதெல்லாம் அதில் வரும். இரண்டிலும் நூற்றுக்கு 70 பெற வேண்டும். இவற்றுக்கான பாடங்களை வீட்டிலிருந்தபடியே இணையவழியில் படிக்கலாம்.

இதனால் நன்மை இல்லையா? நிச்சயமாக உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த எவலின் பிரையன் ஜான்சன் என்ற அம்மையார் 1944ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறக்கக் கற்கச் சென்றார். ரயிலிலும் பஸ்ஸிலும் சென்று, சிறிது தூரம் நடந்து, பின் படகேறி ஆற்றைக் கடந்து விமானத் திடலை அடைந்தாராம்! 1947இல் அவரே ஆசிரியரானார். 57,000 மணி நேரத்துக்கு மேல் வானில் பறந்தார். ஏறத்தாழ 5,000 பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தார். 2012இல் தம் 102ஆம் வயதில் மறைந்தார். அத்தகைய மன உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆறு கடக்க முடியாத பெண்ணின் வீட்டுக்குப் பாடமே தேடி வருமானால் அதனை வரவேற்க வேண்டும். விமானத்தில் ஒவ்வொரு மணி நேரமும் பணம். தரையில் தெளிவாகக் கற்றுக்கொண்டு ஏறுபவருக்கு வானில் வீணாகும் பொழுதாவது குறையும். எனவே எங்கள் தோழியைப் பார்த்து நாங்கள் சிரித்தது தவறு.

ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. விமானம் தாங்கு விசையை இழந்து, பம்பரம்போல் சுழன்றபடி கீழே இறங்குவதை 'ஸ்பின்' என்கிறார்கள். ஆசிரியராக வருபவர் அந்தச் சுழலுக்குள் தாமே சென்று மீண்டு, அதற்கெனக் கையொப்பம் பெற வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இதை எந்தத் திரையும் தர இயலாது. செய்முறைத் தேர்வில் அவர் தேர்வாளரையே மாணவராக எண்ணிப் பாடம் நடத்திக் காட்டவும் வேண்டும்.

1941 டிசம்பர் 7ஆம் நாள் காலை, கார்னீலியா ஃபோர்ட் என்ற 22 வயது ஆசிரியை ஹவாய்த் தீவில் ஒரு மாணவருக்கு விமானம் தரையிறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு போர் விமானம் நேரே அவர்களை நோக்கி வந்தது. அவர் மாணவரிடமிருந்து கட்டுப்பாட்டைப் பறித்து விமானத்தை மேலே ஏற்றினார். இருவரும் உயிர் தப்பினர். வந்தவை பேர்ல் துறைமுகத்தைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்கள். திரைக்குள் இருக்கும் ஆசிரியர் ஆயிரம் சொல்லலாம். ஆனால் பக்கத்து இருக்கையிலிருந்து கை நீட்ட அவரால் முடியுமா?

நாங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, 2020இல், கொரோனாவால் பள்ளி மூடப்பட்டது. கைப்பேசியில்தான் பாடம். பின்னத்தை வகுக்கும்போது ஒன்றைத் தலைகீழாக்க வேண்டும் என்பது எங்களில் சிலருக்குக் காதில் விழுந்தது. எதை என்பது விழவில்லை. முதற்பின்னத்தையே கவிழ்த்துக்கொண்டிருந்தோம்! எங்கள் நோட்டு ஆசிரியையின் கண்ணுக்குத் தெரியவில்லை. பள்ளி திறந்தபின் கணக்கு மிஸ் எங்கள் பெஞ்சில் வந்து அமர்ந்து பார்த்தபோதுதான் பிழை வெளிப்பட்டது. அதை மறக்க எங்களுக்குப் பல வாரங்கள் ஆயின. 'முதலில் கற்றதே ஆழப் பதியும். தவறாகக் கற்றதை மாற்றுவது கடினம்' என்பது அந்தக் 'கற்பித்தலின் அடிப்படைகள்' தேர்வில் வரும் விதிகளுள் ஒன்று. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுவே அன்றோ! நோட்டில் பிழை செய்தால் அழிக்கலாம். வானில் செய்தால்?

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: அறிவுக்கு இணையம் வாசல் திறக்கட்டும், ஆனால் அந்த வாசலுக்கு அப்பால் ஓர் ஆசிரியர் அருகில் இருந்தே ஆக வேண்டும். பெற்றோர்களே, உங்கள் மகள் கைப்பேசியில் விமானப் பாடம் பார்த்தால் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் அதோடு போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள்.

இறுதியாக ஒரு செய்தி. அமெரிக்காவில் ஏழாம் வகுப்புக்கோ அதற்கு மேலோ பாடம் நடத்த அரசுச் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் விமானப் பயிற்சி ஆசிரியராக விரும்பினால், அந்த 50 வினாத் தேர்வை அவர் எழுத வேண்டியதில்லை. கற்பிக்கத் தெரிந்தவர் என்று சட்டமே அவரை ஒப்புக்கொள்கிறது. விமானத்தைப் பற்றிய தேர்விலிருந்து மட்டும் அவருக்கு விலக்கு இல்லை.

இதை எங்கள் கணக்கு மிஸ்ஸிடம் சொன்னோம். "அப்படியானால் பாதித் தேர்வு நான் முடித்துவிட்டேன்" என்று சிரித்தார்கள். பிறகு எங்கள் தோழியைப் பார்த்து, "மீதிப் பாதியை நீ படி" என்றார்கள். அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி