அந்த லூப் லைன் வீடியோவை ஏன் அழித்தேன்



தீபாவளி முடிந்த கையோடு இந்தப் பக்கத்தில் நான் போட்ட வீடியோ உங்களுக்கு நினைவிருக்கும். என் இளைய மகனின் பையன், ஒன்றாம் வகுப்பு படிக்கிறவன், "நான் லூப் லைன்ல போய்ட்டேன் தாத்தா" என்று சொல்வானே, அதுதான். சிரிப்புப் பொம்மைகள் இருநூறைத் தாண்டின. போன வாரம் அதை அழித்துவிட்டேன். "சார், அந்த வீடியோ எங்கே?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். என் மைத்துனர் போன் போட்டே கேட்டார். தனித்தனியாகப் பதில் எழுதக் கை வலிக்கிறது, ஆகவே எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிவு. கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

எங்கள் வீட்டுக்கு வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம். நான், என் மனைவி, என் அக்கா, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், பேரப்பிள்ளைகள் ஐந்து. ஆக 12 பேர். லீவுக்கு மகள் குடும்பம் வந்தால் 16. மகன்கள் இருவருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு ஷிப்ட். அதனால் எந்த நேரத்திலும் வீட்டில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

இதன் பலன் என்ன தெரியுமா? எங்கள் பிள்ளைகளின் சண்டைக்குச் சத்தமே கிடையாது. முடியைப் பிடித்து இழுப்பார்கள், கிள்ளுவார்கள், அடி வாங்கியது வாயைப் பெரிதாகத் திறந்து சத்தமில்லாமல் அழும். பிறகு என்னிடம் வந்து கையைக் காலை ஆட்டி வழக்குச் சொல்லும். நானும் குசுகுசுவென்றே தீர்ப்புச் சொல்வேன். வீட்டுக்கு வருகிறவர்கள் "வாத்தியார் வீட்டுப் பிள்ளைங்கன்னா சும்மாவா, என்ன அடக்கம்!" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். நானும் மறுப்பதில்லை.

ஒருநாள் நாலு வயசுப் பேத்தி, "இன்னைக்கு ஆயாவுக்கு எந்த ஷிப்ட்?" என்று கேட்டாள். "ஆயாவுக்கு எல்லா ஷிப்டும்தான்" என்றாள் பெரியவள். உடனே சின்னவள், "அப்போ ஓ.டி. காசு எவ்ளோ?" எல்லோரும் சிரித்தோம். என் மனைவி சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை இன்றுவரை என்னிடம் வாரத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மூத்த மருமகளுக்குச் சூலூர்ப்பேட்டை. அவளுடைய அம்மா வீடியோ காலில் வந்து கடைக்குட்டியிடம் "செப்பு நானா, செப்பு" என்று கொஞ்சுவார்கள், ஏதாவது சொல் என்ற அர்த்தத்தில். தெலுங்கில் செருப்புக்கும் செப்புதான். கடைக்குட்டிக்கு அந்த அர்த்தம் மட்டும்தான் தெரியும். ஓடிப்போய் வாசலிலிருந்து செருப்பை எடுத்துவந்து போனுக்கு நேரே காட்டுவான். அம்மம்மா மறுபடி "செப்பு" என்றால் அடுத்த கால் செருப்பு வரும்.

உப்புமா கதையையும் சொல்லிவிடுகிறேன். கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்தது 2024 ஜூலை 15 அன்று. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அதற்குப் பிறகு வீட்டு உப்புமாவுக்கு எங்கள் வீட்டில் மதிப்பு போய்விட்டது. பள்ளிக்கூடத்து உப்புமாதான் உப்புமாவாம். "அப்படி என்னதான்மா போடறீங்க?" என்று இளைய மருமகள் பள்ளிச் சமையல்காரம்மாவிடமே போய்க் கேட்டிருக்கிறாள். அந்தம்மா, "நூறு பேரோட உக்காந்து தின்னா எதுவும் ருசிதான்" என்றார்களாம்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பூஜைக்குப் புத்தகம், அரிவாள்மனை, சுத்தியல், ஸ்பேனர், மகன்களின் ஐ.டி. கார்டு எல்லாம் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாயிற்று. விழுந்து கும்பிட்டு எழுந்தால், வரிசையின் கடைசியில் என் பல்செட். அதற்கும் பொட்டு. "தாத்தாவோட ஆயுதம்" என்றாள் சின்னவள். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் அக்காவின் சட்டம். பொரி, சுண்டல் எல்லாம் எதிரே இருக்க, நான் பொக்கை வாயோடு வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு இளையவனுக்கு பி ஷிப்ட். உலை அணையாத கம்பெனி, பூஜை போட்ட கையோடு வேலையும் உண்டு. பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து மின்சார ரயிலில் கவரைப்பேட்டை வழியாகப் பொன்னேரி வர வேண்டும். எட்டரை மணி வாக்கில்தான் அது நடந்தது. மைசூருவிலிருந்து தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டையில் மெயின் லைனில் நேராகப் போக வேண்டியது, லூப் லைனுக்குள் நுழைந்து அங்கே நின்றிருந்த கூட்ஸ் மீது மோதிவிட்டது. பெட்டிகள் சரிந்தன, தீயும் பிடித்தது. அக்கம்பக்கத்து ஊர் ஜனங்கள் ஓடிப்போய்க் கைகொடுத்தார்கள். தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை.

என் மகன் அந்த ரயிலில் இல்லை, கம்பெனிக்குள் இருந்தான் என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு கேட்கவில்லை. போன் போட்டேன். பல் இல்லாமல் நான் பேசுவது அவனுக்குப் புரியவில்லை. மெஷின் சத்தத்தில் அவன் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. இருவரும் கத்துகிறோம். கடைசியில் அக்காவின் சட்டத்தை மீறிப் பூஜையிலிருந்து பல்லை எடுத்துக் குங்குமத்தோடு மாட்டிக்கொண்டு, "ரயில்ல வராதடா, ரோட்ல வா" என்றேன். நண்பர் ஒருவரின் பைக்கில் ஜி.என்.டி. ரோடு வழியாகத் தச்சூர் கூட்டு ரோடு வந்து அவன் வீடு சேரும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. எல்லோரும் விழித்திருந்தோம். பிள்ளைகள் தூங்கிவிட்டதாக நினைத்தோம்.

அடுத்த சில நாட்களுக்கு டி.வி.யிலும் டீக்கடையிலும் லூப் லைன் பேச்சுதான். அப்போது ஒருநாள் அந்தப் பையனை அலமாரியிலிருந்து என் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னேன். போனவன் வரவில்லை. தேடிப் போனால் பாத்ரூமில் வாளித் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருக்கிறான். "எங்கடா போன?" என்றேன். "லூப் லைன்ல போய்ட்டேன் தாத்தா." வீடே சிரித்தது. தீபாவளிக்கு வந்த மகள் வீட்டாருக்காக மறுபடி சொல்ல வைத்தோம். பெரியப்பாவுக்காக ஒருமுறை, அத்தைக்காக ஒருமுறை. நாலாவது முறை நான் போனை எடுத்தேன். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு கூத்து. காலையில் எழுந்தால் வாசலில் செருப்புகளைக் காணோம். 12 பேர் வீட்டில் காலை ஆறு மணிக்குச் செருப்பு தேடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லாச் செருப்பும் பக்கத்துச் சந்தின் வாயில் குறுக்கே வரிசையாகக் கிடக்கும். சில நாள் பனியில் நனைந்து, சில நாள் ஒன்றிரண்டை நாய் கவ்விக்கொண்டு போய். ஒருநாள் அவசரத்தில் ஒரு காலில் என்னுடையதும் மறு காலில் மனைவியுடையதுமாக டீக்கடைக்குப் போய்விட்டேன். "என்ன சார், அம்மாவும் கூட வந்திருக்காங்களா?" என்றார் டீ மாஸ்டர். அடுக்குவது யார் என்று தெரியும், அதே பையன்தான். திட்டினோம். அவன் அப்பன் ஒரு அடிகூட வைத்தான். நிற்கவில்லை.

என் அக்காவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. போன், வீடியோ எதுவும் அவளுக்கு ஆகாது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள்தான் சொன்னாள்: "அவங்கப்பன் பி ஷிப்ட் போற அன்னைக்குத்தான்டா இவன் செருப்ப அடுக்கறான். மத்த நாள்ல அடுக்கறதில்ல. கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. 34 வருஷம் பிள்ளைகளைக் கவனிப்பதற்காகச் சம்பளம் வாங்கியவன்.

அன்று சாயங்காலம் அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். எங்கள் வாசல் கேட்டிலிருந்து படிக்கட்டுக்கு நேர் வழி. இடதுபக்கம் பிரிந்து போகிற சந்து கொட்டகைக்குப் போகும். கொட்டகையில் பழைய டிராக்டர் டிரெய்லர் ஒன்று நிற்கிறது. "அங்க கூட்ஸ் நிக்குது தாத்தா. அப்பா இருட்டுல அந்தப் பக்கம் வந்துட்டா? அதான் லைன அடைச்சேன்" என்றான்.

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன், சத்தத்தைக் கூட்டி வைத்து. "லூப் லைன்ல போய்ட்டேன்" என்று அவன் சொல்கிறான். நாங்கள் சிரிக்கிறோம், என் சிரிப்புதான் பெரிதாகக் கேட்கிறது. அந்தச் சிரிப்புக்கு அடியில் அவன் ஏதோ கேட்கிறான். மூன்று முறை ஓட்டிக் கேட்ட பிறகு புரிந்தது. "அப்பா வர்ற ரயில் எந்த லைன் தாத்தா?"

அங்கே இருந்த 16 பேரில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. பார்த்தவர்களில் யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. போனைப் பிடித்திருந்தவன் நான்.

மறுநாளே அவனைப் பொன்னேரி ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன். பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். நேராகப் போகிற வண்டிக்கு மெயின் லைன், ஒரு வண்டி ஒதுங்கி நின்று இன்னொன்றுக்கு வழி விடுவதற்கு லூப் லைன், இரண்டும் பிரிகிற இடத்தில் பாயிண்ட், அதற்கேற்றபடி சிக்னல் என்று விளக்கினேன். லூப் லைன் கெட்ட லைன் இல்லை, வண்டிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருப்பதற்காகப் போட்டதுதான் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. "அப்போ அன்னைக்கு ஏன் இடிச்சுது?" என்றான். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் என்று ஒரு அதிகாரி இருக்கிறார், அவர் எல்லோரையும் கூப்பிட்டு விசாரிக்கிறார் என்றேன். "அவரு ஹெட்மாஸ்டர் மாதிரியா?" ஆமாம் என்றேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அன்றிலிருந்து செருப்புகள் அதனதன் இடத்தில் கிடக்கின்றன.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பேச்சுக்குச் சிரிப்பது தப்பே இல்லை. சிரிப்பில்லாவிட்டால் 12 பேர் ஒரு கூரைக்குள் எப்படிக் காலந்தள்ளுவது? பதில் சொல்லாமல் சிரிப்பதைத்தான் நான் தப்பு என்கிறேன். முதலில் பதில், பிறகு சிரிப்பு, அதையும் முடிந்தால் அடுத்த அறையில். "எங்கே, மறுபடி சொல்லு" என்பது அதைவிட மோசம். இரண்டாவது முறை சொல்லும்போது அது அவன் பேச்சாக இருப்பதில்லை, நமக்காக ஆடுகிற ஆட்டமாகிவிடுகிறது. எங்கள் அப்பா வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். நாங்கள் என்ன உளறினாலும் யாரும் காதில் வாங்கவில்லை. இன்று தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்குப்படி நம் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. ஒரு குழந்தை வாயைத் திறந்தால் நாலு போன் எழுகிறது. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. இன்றைக்குப் பதிவு மட்டும் ஆகிறது.

எழுத ஆரம்பித்த பிறகு ஒன்றை மறைக்க முடியவில்லை. சிப்காட்டில் கம்பெனிகள் பெருகிவந்த காலம். ஏழாம் வகுப்பில் "என் தந்தை" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன், "என் தந்தை பகலில் உறங்குவார், இரவில் வீட்டில் இருக்க மாட்டார்" என்று ஆரம்பித்திருந்தான். அதை வகுப்பில் உரக்கப் படித்து, "உங்கப்பா என்னடா ஆந்தையா?" என்றேன். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். பத்தாம் வகுப்பு முடியும்வரை அவனுக்கு ஆந்தை என்றே பெயர். கட்டுரையின் மீதியை நான் அன்று வகுப்பில் படிக்கவில்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். இப்போது அவனும் ஷிப்ட் போகிறான். "என் பொண்ணும் அதே கட்டுரைதான் சார் எழுதியிருக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்துவைத்தேன். நீ இதைப் படிக்கிறாய் என்று தெரியும் தம்பி. அன்றைக்கு அந்தக் கட்டுரையை முழுசாகப் படித்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் என் பேரனுக்குப் படித்துக் காட்டி அனுமதி வாங்கினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னான். அப்பா அடித்த இடத்தில் அவன் அழுததாக எழுதியிருந்தேன். "நான் அழல தாத்தா, எடுத்துடு" என்றான். எடுத்துவிட்டேன்.

நேற்றும் ஒன்று சொன்னான். சோற்றுத் தட்டோடு எழுந்துபோய்ச் சிரித்துவிட்டு வந்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. பொங்கலுக்கு வருகிறவர்கள் அவனிடமே கேளுங்கள். போனைப் பையில் வைத்துவிட்டுக் கேட்டால் ஒருவேளை சொல்வான்.