மிச்சம் பிடித்த காசு யாருக்கு?

"சிக்கனமாய் இருங்கள்! சிந்தாமல் செலவிடுங்கள்! சிறுதுளி பெருவெள்ளம்!"

நல்ல மொழிதான். யார் மறுப்பர்? ஆனால் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்று பார்க்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, சினமும் வருகிறது. குளிரூட்டிய அறையில் குந்தியிருந்து, வங்கிகளில் கோடி கோடியாய்ப் பெற்றுத் திருப்பித் தராத கனவான்களைப் பற்றி ஒரு சொல்லும் உதிர்க்காமல், கூலிக்காரன் கையிலுள்ள டீக்கிளாசைச் சுட்டிக்காட்டி, "இதோ, இங்கேதான் ஒழுகுகிறது உன் வாழ்வு!" என்று உபதேசம் புரிகிறார்கள்.

உபதேசிகள் கையில் ஒரு கணக்கும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி தந்த கணக்கு. 2020-21இல், கொரோனாவால் கடை கண்ணி அடைபட்டுக் கிடந்த ஆண்டில், இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 11 விழுக்காட்டைத் தாண்டி இருந்தது. 2022-23இல் அது 5 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிட்டது. பல பத்தாண்டுகளில் காணாத இறக்கம்! "பார்த்தீர்களா, மக்கள் சேமிக்க மறந்துவிட்டார்கள்!" என்று கூவினர்.

தோழர்களே, "நிகர" என்றொரு சொல் இருக்கிறதே, அதைச் சற்றே உற்று நோக்குங்கள். வங்கியிலும் அஞ்சலகத்திலும் காப்பீட்டிலும் போட்டதிலிருந்து, வாங்கிய கடனைக் கழித்தபின் நிற்பதுதான் நிகரம். மக்கள் போடுவதை நிறுத்திவிடவில்லை. வாங்கும் கடன் ஏறிவிட்டது. உண்டியலில் காசு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. உண்டியலின் அடியில் ஓட்டை! ஓட்டையைப் பற்றிப் பேசாமல் உண்டியலின் வாயைப் பற்றியே பேசினால் அது அறிவுரையா, கேலியா?

கடன் இல்லாத குடும்பம் எங்கே? அரசின் கடன்-முதலீட்டு ஆய்வு 2019இல் எடுக்கப்பட்டது. கிராமப்புறக் குடும்பங்களில் 35 விழுக்காடும், நகர்ப்புறக் குடும்பங்களில் 22 விழுக்காட்டுக்குச் சற்று மேலும் கடன்பட்டவை என்றது அது. இது வெளியே சொன்ன கடன். கைமாற்றையும், மளிகைக்கடைப் பற்று நோட்டையும், தண்டலையும் ஆய்வாளரிடம் எத்தனை பேர் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் தெருவை வைத்தே நீங்கள் மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

போகட்டும். திருப்பூருக்குப் போவோம். அங்கே பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் தோழர் ஒருவர், கூட்டம் முடிந்து நான் புறப்படும் வேளையில் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, டீயைக் குறைச்சுப்போட்டேனுங்க. சிகரெட்டைக் குறைச்சுப்போட்டேனுங்க. ஆனா கடன் மட்டும் அப்படியே நிக்குதுங்க. என்ன பண்ணட்டும்?"

உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அவர் தலைமீது இரண்டு கடன். ஒன்று, தங்கை திருமணத்துக்கு வாங்கிய 30,000 ரூபாய், அஞ்சு வட்டிக்கு. நூற்றுக்குத் திங்கள்தோறும் 5 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 60 விழுக்காடு! மாதம் பிறந்தால் 1,500 ரூபாய் வட்டி. மற்றொன்று, மனைவியின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் வைத்து வாங்கிய 40,000. நூற்றுக்கு ஒரு ரூபாய் கணக்கில் மாதம் 400.

இப்போது அவர் பிடித்த மிச்சத்தைப் பாருங்கள். கம்பெனி வாசலில் இரு வேளை டீயும் வடையும் என்பதை ஒரு வேளையாக்கினார்: 25 ரூபாய். சிகரெட்டில் ஒன்றைக் குறைத்தார்: 20 ரூபாய். ஷேர் ஆட்டோவை விட்டு பஸ்ஸில் ஏறினார்: 15 ரூபாய். நாளுக்கு 60 ரூபாய், 26 வேலை நாளுக்கு 1,560 ரூபாய். எட்டு மணி நேரத்தோடு ஓவர்டைமும் பார்த்து முதுகு ஒடிந்து வரும் ஒரு மனிதன் தன் வாயைக் கட்டிப் பெற்ற தொகை இது. எளிதாக எண்ணிவிடாதீர்கள்.

இதற்குமேல், வீட்டிலுள்ள அம்மையார் மாதம் 240 ரூபாய் மிச்சம் பிடித்தார். எப்படி? பற்று நோட்டைத் தீர்த்ததால்! பற்றுக்கு வாங்குபவர் விலை கேட்க முடியுமா? எடை பார்க்க முடியுமா? "இந்தப் பருப்பு வேண்டாம், அடுத்த கடைக்குப் போகிறேன்" என்று சொல்லத்தான் முடியுமா? நோட்டு அங்கே இருக்கும் வரையில் கால் அங்கேதான் போகும்; போட்டதுதான் விலை, கொடுத்ததுதான் சரக்கு. தீபாவளி போனசில் புதுத்துணியைக் குறைத்து, அந்த நோட்டை அடைத்தார்கள். பிறகு கையில் காசோடு உழவர் சந்தைக்குப் போனார். 2021 மே திங்களில் சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபின், போய்வரும் செலவும் இல்லை. ஆக, மொத்த மிச்சம் மாதம் 1,800 ரூபாய்.

(இங்கே ஒரு சொல். சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அடுப்படியை நோக்கியே விரல் நீட்டுகிறோம். எண்ணெயை அளந்து ஊற்றுகிறவரும், பழைய சோற்றைத் தான் உண்டு புதுச் சோற்றை நமக்கு இடுகிறவரும், கடைசியில் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தருகிறவரும் அவர்தாம். அவரிடம் இன்னும் எதைக் குறைக்கச் சொல்வது? விரலைச் சற்று நம் சட்டைப்பை பக்கம் திருப்புவோம்.)

1,800 ரூபாய் மிச்சம். பிறகு ஏன் கடன் நிற்கிறது? அந்தப் பணம் எங்கே போனது? தீபாவளிச் சீட்டுக்குப் போனது! ஊரிலே ஒருவர் பிடிக்கும் சீட்டு. பதிவு இல்லை, ரசீது இல்லை. ஒரு சின்ன அட்டையில் பேனாவால் டிக் மட்டும் உண்டு. அந்த நபர் யோக்கியர் என்றே வைத்துக்கொள்வோம். 13 திங்கள் கட்டினால் 23,400 ரூபாய் கைக்கு வரும். அதே 13 திங்களில் வட்டிக்காரர் வீட்டுக்குப் போனது 19,500 ரூபாய். முதல் 30,000 இருந்த இடத்தில் இருக்கிறது. ஓர் அணா குறையவில்லை. சீட்டுப் பணம் முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் இன்னும் 6,600 பாக்கி!

அதே மனிதர், அதே டீ, அதே பஸ். அந்த 1,800ஐச் சீட்டில் போடாமல், வழக்கமாய்த் தரும் 1,500 வட்டியோடு சேர்த்து மாதம் 3,300 என்று கட்டினால்? முதல் மாதம் 1,800 முதலில் கழிகிறது. மறுமாதம் வட்டி 1,500 அல்ல, 1,410. அந்த 90 ரூபாயும் முதலைக் கடிக்கிறது. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கூடுதலாய்க் கடிக்கிறது. பன்னிரண்டு மாதம் 3,300; பதின்மூன்றாம் மாதம் 1,416 ரூபாய். தீர்ந்தது கணக்கு! முழு வட்டி 11,016 ரூபாயோடு ஒழிந்தது.

"ஓகோ, இவ்வளவுதானா!" என்று துள்ளிவிட வேண்டாம். வட்டிக்காரர் என்ன அறியாப் பிள்ளையா? தோழர் 3,300ஐ நீட்டியபோது அவர் சொன்ன பதில் இது:

"வட்டியை எடுத்து வெச்சுட்டுப் போ. முதலைத் தந்தா மொத்தமாத் தா. சில்லறை சில்லறையா எங்கிட்ட நீட்டாதே!"

இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது கந்துவட்டியின் சூட்சுமம் முழுதும். கடன் அடைவது அவருக்கு இலாபமல்ல, நட்டம்! பால் வற்றாத மாடு வேண்டும் அவருக்கு. ஏழை மிச்சம் பிடிக்கப் பிடிக்க, அந்த மிச்சத்துக்கு அடைவழி இல்லாமல் போகப் போக, வட்டி காலம் தவறாமல் வரும். நம் சிக்கனம் அவருக்குக் காப்பீடு!

எனவே தோழர் தனியே போகவில்லை. தொழிற்சங்கச் செயலாளரோடும் தெருக்காரர் இருவரோடும் போனார். சண்டைக்கு அல்ல, கணக்குக்கு. புரோநோட்டின் பின்புறம் வரவு எழுத வேண்டும், மாதாமாதம் எழுத வேண்டும் என்றனர். 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதில் மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது என்பதையும் பேச்சோடு பேச்சாய் நினைவூட்டினர். வரவு எழுதப்பட்டது.

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடும் என்று நான் சொல்லத் தயாராக இல்லை. சட்டம் பிறந்து பதினான்கு ஆண்டு கழித்து, 2017 அக்டோபரில், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயிலிலேயே ஒரு கூலித் தொழிலாளியும் மனைவியும் இரு பிஞ்சுக் குழந்தைகளும் கருகினார்களே, மறக்க முடியுமா? மனு மேல் மனு கொடுத்த பிறகு நடந்தது அது. சட்டப் புத்தகம் அலமாரியில் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு உடன் செல்ல ஆள்தான் இல்லை. மிரட்டிப் பணம் பிடுங்கும் கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் இன்னொரு சட்டமும் இயற்றியது. நன்று. ஆனால் கிளைக்கழகப் படிப்பகத்தில் உட்கார்ந்திருக்கும் நாம், தெருவில் ஒருவர் தலைகுனிந்து நடக்கும்போது "என்ன கடன், எத்தனை வட்டி?" என்று கேட்கிறோமா? கேட்கக் கூச்சம். சொல்ல அவருக்கு வெட்கம். கூச்சத்துக்கும் வெட்கத்துக்கும் நடுவே வட்டிக்காரர் கம்பீரமாய் நடக்கிறார்.

முதலைத் துண்டு துண்டாய் வாங்க மறுக்கும் ஆசாமியிடம் மாட்டியிருப்போர், மிச்சத்தைச் சீட்டில் அல்ல, அஞ்சலகக் கணக்கில் தம் பெயரிலேயே சேர்த்து, மொத்தமாய் முகத்தில் வீசலாம். வீட்டில் குண்டுமணித் தங்கம் இருந்தால் அதைக் கூட்டுறவு வங்கியில் வைத்து, அஞ்சு வட்டியை ஒரு வட்டியாக மாற்றலாம். நகையை அடகு வைப்பது அவமானம் என்று எண்ணி அஞ்சு வட்டிக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த மானத்தின் விலை நூற்றுக்கு மாதம் 4 ரூபாய்!

தண்டலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரம் பிடித்தம், நாளுக்கு நூறு, நூறே நாள், பத்து விழுக்காடுதானே!" என்பார்கள். கைக்கு வருவது 9,000. அதுவும் நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. மறுநாளே கரையத் தொடங்குகிறது. சராசரியாக நம் கையில் இருப்பது பாதி, 4,500 ரூபாய். அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு 80 விழுக்காடு! அஞ்சு வட்டிக்கே அண்ணன் இது. ஆகவே தண்டலும் அஞ்சு வட்டியும் நகைக்கடனும் ஒருங்கே இருந்தால், மிச்சத்தை மூன்றாய்ப் பங்கிட்டு மூவரையும் திருப்திப்படுத்த முயல வேண்டாம். மற்றதற்கு வட்டியை மட்டும் தள்ளிவிட்டு, கொடிய வட்டியின் கழுத்தில் முழு மிச்சத்தையும் போடுங்கள்.

சில்லறைச் சூழ்ச்சிகள் வேறு எத்தனையோ! ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்று நாம் படித்தோம். செல்போன் கம்பெனிக்காரனுக்குப் பதின்மூன்று. 28 நாளுக்கு ஒரு ரீசார்ஜ் என்றால் வேறு எப்படி வரும்? எண்ணெயைக் கால் லிட்டராய் வாங்குகிறவன், லிட்டராய் வாங்குகிறவனைவிடக் கூடுதலாகத் தருகிறான். காசு குறைந்தவனுக்கு விலை கூட! இதையெல்லாம் அறிந்துதான் தொழிலாளர்கள் 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் சொந்தக் கடை வைத்தனர். 1904இல் நம் திருவல்லிக்கேணியிலும் கூட்டுறவுப் பண்டகசாலை எழுந்தது. தெருவுக்குப் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு டின் எண்ணெய், ஒரு மூட்டைப் பருப்பு என்று வாங்கிப் பங்கிட இன்றும் யார் தடுத்தார்?

திருப்பூர்த் தோழரிடம் திரும்புகிறேன். சென்ற மாதம் போன் செய்தார். கடைசித் தவணை 1,416 ரூபாய் கட்டியாயிற்று. புரோநோட்டைக் கேட்டு வாங்கி, அங்கேயே கிழித்தாராம். "இனி ரெண்டு வேளை டீ குடிக்கலாமுங்களா அண்ணா?" என்று கேட்டார். குடியுங்கள் என்றேன். ஆனால் அம்மையார் அதற்குள் வேறு கணக்குப் போட்டுவிட்டார். அந்த 3,300ஐயும் நகைக்கடனுக்குக் கட்டும் 400ஐயும் சேர்த்தால் மாதம் 3,700. பன்னிரண்டாம் மாதம் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடுமாம். போனை அவர் கையிலிருந்து வாங்கி அம்மையாரே சொன்னார்:

"டீயெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாமுங்கண்ணா!"