நிபந்தனையில் ஒளிந்திருக்கும் ஒப்பந்ததாரர்

சாலைப் பணி உட்பட அரசுப் பணிகளுக்கு டெண்டர் விடும் முறையை வரையறுக்கத் தமிழ்நாட்டில் 1998-லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் 2000-ல் வந்த விதிகள் தெளிவானவை. மதிப்பு 2 கோடி ரூபாய் வரை என்றால் விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள். அதற்கு மேல் என்றால் 30 நாள். இதைச் சுருக்க, மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதானால், மிகக் குறைந்த விலை கேட்டவரிடம் மட்டுமே பேசலாம்.

கோளாறு நிபந்தனைகளில்தான் நுழைகிறது. தார்க்கலவை ஆலை பணியிடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற ஒரு வரி போதும். கலவை ஆறினால் சாலை கெடும் என்பது உண்மைதான். ஆனால், அந்த வட்டத்துக்குள் ஒரே ஒருவரின் ஆலை இருந்தால்? பணியிடத்தைப் பார்த்ததாகப் பொறியாளரிடம் சான்று வாங்கி வரச் சொன்னால், போட்டியாளர்கள் யார் யார் என்பது உறை பிரிக்கும் முன்பே தெரிந்துவிடும். பிறகு தங்களுக்குள் பேசிவைத்து விலை கேட்கும் 'சிண்டிகேட்' அமைய ஒரு டீ குடிக்கும் நேரம் போதாதா? பல சிறு சாலைகளை ஒரே தொகுப்பாக்கினாலோ, உள்ளூர்ச் சிறு ஒப்பந்ததாரர் தானாகவே விலகிக்கொள்வார். இணையவழி டெண்டர் நல்ல ஏற்பாடுதான். ஆனால், கணினி நிபந்தனையைக் கேள்வி கேட்பதில்லை.

நாள் குறைப்பு ஆணை, நிராகரிக்கப்பட்டவர்களின் பெயர், அதற்கான காரணம், மதிப்பீட்டுக்கும் ஒப்பந்தத் தொகைக்கும் உள்ள வித்தியாசம் ஆகிய அனைத்தையும் நெடுஞ்சாலைத் துறை டெண்டர் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். ஒருவர் மட்டுமே தேறும் டெண்டரை, நிபந்தனைகளைத் தளர்த்தி மறுபடி கோர வேண்டும்.