உணராத கையைச் சோம்பல் என்பதா?

எட்டு வயதுச் சிறுவன் அவன். மூளை முடக்குவாதத்தால் அவனது வலது கையும் வலது காலும் பிறவியிலிருந்தே இறுக்கமாக உள்ளன. நான்கு ஆண்டுகளாகப் பயிற்சி பெற்றதில் விரல்கள் ஓரளவு விரிகின்றன. பந்தைப் பிடிக்கவும் முடிகிறது. ஆனால், வீட்டில் அந்தக் கையை அவன் பயன்படுத்துவதே இல்லை. "சொன்னால் செய்கிறான் சார், சொல்லாவிட்டால் மறந்துவிடுகிறான். எல்லாம் சோம்பேறித்தனம்" என்றார் அவனுடைய தாய். இயன்முறை மருத்துவரான நானும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஒருநாள் அவன் கையைத் துண்டால் மறைத்து, உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்து, என்ன இருக்கிறது என்று கேட்டேன். சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "வெச்சுட்டீங்களா சார்?" என்று கேட்டான். நான்கு ஆண்டுகளில் அவனது தசை இறுக்கத்தையும் மூட்டுகளின் அசைவையும் எத்தனையோ முறை அளந்திருந்தோம். அந்தக் கை எதை உணர்கிறது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இந்த விடுபடலுக்குத் தனிநபரின் கவனக்குறைவு மட்டுமே காரணமன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மூளை முடக்குவாதத்தை உடல் அசைவையும் தசை ஒருங்கிணைப்பையும் பாதிக்கும் நரம்பியல் நிலை என்று வரையறுக்கிறது. உணர்வு குறித்து அந்த வரையறையில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால், 2007இல் வெளியாகி உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் வரையறை, அசைவுக் கோளாறுடன் உணர்வு, புலனறிவு ஆகியவற்றின் பாதிப்பும் பல வேளைகளில் சேர்ந்தே வரும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அசைவுக்கான மூளைப் பகுதியும் தொடுஉணர்வுக்கான பகுதியும் அருகருகே இருப்பவை. அவற்றின் நரம்புப் பாதைகளும் நெருக்கமாகச் செல்பவை. ஒன்றைத் தாக்கும் பாதிப்பு மற்றொன்றையும் தொடுவதில் வியப்பில்லை.

தொடுஉணர்வு குறைந்தால் கை என்னவாகும்? 1980களில் ஸ்வீடனின் ஆய்வாளர் ரோலண்ட் ஜொஹான்சனும் அவருடைய சகாக்களும் நல்ல நிலையிலிருந்த மனிதர்களின் விரல் நுனிகளை மரக்கச்செய்து, பொருள்களைத் தூக்கச் சொன்னார்கள். தசை வலிமை குறையாதபோதும், பொருளின் வழுக்கலுக்கேற்பப் பிடியை அளவாக மாற்றிக்கொள்ள அவர்களால் இயலவில்லை. பொருளைத் தூக்கும் வேலையில் பாதி, அதை உணர்வதுதான். அந்த உணர்வு கிடைக்காத குழந்தை, ஒவ்வொரு நொடியும் கண்ணால் பார்த்தே கையை இயக்க வேண்டியிருக்கிறது. பார்வை விலகியதும் கையும் அவன் கவனத்திலிருந்து விலகிவிடுகிறது. நாம் அதை மறதி என்றும் சோம்பல் என்றும் அழைக்கிறோம்.

தமிழ்நாட்டு மருத்துவத்துக்கு இது புதிய பாடமும் அன்று. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாத கைகளில் ஏற்படும் காயங்களாலேயே அழிகின்றன என்று நிறுவினார். அன்றிலிருந்து தொழுநோய் சிகிச்சையில் கையின் உணர்வைச் சோதிப்பது இன்றியமையாததாயிற்று. இன்று நீரிழிவு நோயாளிகளின் பாதங்களும் நைலான் இழை கொண்டு சோதிக்கப்படுகின்றன. அதே இழை, குழந்தைகளின் கைகளுக்கும் பயன்படும்.

ஆனால், ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். தொழுநோயில் பழுதடைவது கையின் நரம்பு. இங்கே பாதிப்பு மூளையில். ஊசி குத்தினால் கையை இழுத்துக்கொள்ளும் குழந்தைக்கே, கையில் இருப்பது நாணயமா, பொத்தானா என்று தெரியாமல் போகலாம். ஆகவே, பஞ்சால் தொட்டுப் பார்த்து, 'உணர்வு இருக்கிறது' என்று எழுதிவிடுவது போதாது. தொடும் இடம் எது, தொட்டது ஒரு முனையா இரு முனைகளா, விரல் மேல்நோக்கி இருக்கிறதா கீழ்நோக்கியா, பொருள் என்ன என ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

இதற்குப் பொறுமை வேண்டும். கண்ணைக் கட்டினால் குழந்தை அஞ்சும். கையைத் திரையால் மறைப்பதே நல்லது. பாதிப்புக் குறைந்த கையில் தொடங்கினால் விளையாட்டின் விதி அதற்குப் புரியும். அந்தக் கையிலும் சில குழந்தைகளுக்குக் குறை இருப்பதும் தெரியவரும். விரல்களை அசைக்க இயலாத குழந்தையின் கையில் பொருளை நாமே உருட்டிக் காட்ட வேண்டும். இல்லையேல் அசைவின் குறையை உணர்வின் குறையாகப் பதிவுசெய்துவிடுவோம். பேச்சு வராத குழந்தையின் முன்னால் அதே பொருள்களின் இன்னொரு தொகுப்பை வைத்து, மறுகையாலோ கண் பார்வையாலோ சுட்டச் சொல்லலாம். இடையிடையே தொடாமலேயே கேட்டுப் பார்த்தால், விடை ஊகமா, உண்மையா என்று விளங்கும். மிகச் சிறிய குழந்தைகளிடம் இச்சோதனைகளின் முடிவை முழுமையாக நம்ப முடியாது. பள்ளி செல்லும் வயதில் பெரும்பாலும் இயலும்.

கண்டறிந்து என்ன பயன் என்று சக மருத்துவர்களே கேட்பதுண்டு. தொடுஉணர்வுக்கெனப் பயிற்சிகள் உள்ளன. அவற்றின் பலன் எவ்வளவு என்பது இன்னும் ஆராயப்பட்டுவருகிறது என்பது உண்மையே. எனினும், சோதனை முடிவு உடனடியாகச் சிலவற்றை மாற்றும். கையைப் பார்த்தபடி வேலை செய்யக் குழந்தைக்குக் கற்றுத்தரலாம். சூடான டம்ளரை எந்தக் கையில் கொடுக்கக் கூடாது என்று வீட்டாருக்குத் தெரியும். கை அறுவைசிகிச்சைக்குப் பின் எந்த அளவு பயனை எதிர்பார்க்கலாம் என்று பெற்றோரிடம் நேர்மையாகச் சொல்ல முடியும்.

இதற்குப் புதிய கட்டமைப்பு தேவையில்லை. 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. உள்ளடக்கிய கல்வித் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். இக்குழந்தைகளின் பதிவேட்டில் இரு கைகளின் தொடுஉணர்வுக்கென ஒரு பக்கத்தைச் சேர்த்து, பள்ளி வயதில் ஒருமுறையும் சிகிச்சையை மாற்றும்போதெல்லாம் மறுமுறையும் அதை நிரப்ப அரசு உத்தரவிடலாம். சில நைலான் இழைகள், ஒரு திரை, ஒரு சாவி, ஒரு நாணயம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. உண்மையில் தேவைப்படுவது பயிற்சியும், ஒரு குழந்தையுடன் சற்றுக் கூடுதலாக அமரும் நேரமும்தான். இன்றைய நெரிசலில் அந்த நேரத்தை ஒதுக்க, பணியிடங்களை நிரப்புவதும் அவசியம்.

அன்று அந்தத் தாயின் கண்களை மூடச்செய்து, கையில் தடித்த கையுறையை மாட்டி, ஒரு பொத்தானைத் தந்தேன். அவரால் அது என்னவென்று சொல்ல முடியவில்லை. கையுறையைக் கழற்றியவர் மகனின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் வாயிலிருந்து சோம்பேறி என்ற சொல்லை நான் கேட்டதில்லை.